தகரக் குழாய்க்குள் இருந்த சுரங்கம்

1992 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. காலை 8.20.

சிவசுப்பிரமணியம் அலுமாரியிலிருந்து எடுத்த தகரக் குழாயின் மூடியைத் திருகிக் கழற்றிச் சரித்துத் தட்டினார். மேசையில் வந்து விழுந்தது ஒரு பழைய பத்திரிகைச் சுருள். அவர் குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். யன்னல் பக்கம் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அடித் தகரம் வெறுமையாக மின்னியது.

எதிரே கொப்பியும் பென்சிலுமாகக் காத்திருந்த தேவராசா மாஸ்டர், “என்ன ஐயா, குழாய் மாறிப்போச்சோ?” என்று கேட்டார்.

“இருக்கிறது ஒரு குழாய்தான் மாஸ்டர்.” அவர் வெறுங்குழாயை மேசையில் போட்டார். “என்ரை சுரங்கத்தைக் களவெடுத்துப் போட்டாங்கள்.”

சுரங்கம் என்று அவர் சொன்னது ஒரு வரைபடத்தை. இலங்கையில் முதன்முதலாக நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கிய காலத்தில், மலைநாட்டுப் பாதைக்காகக் குடைந்த சுரங்கங்களில் ஒன்றின் மூலப்படம் அது. ஆறடி நீளம். மலையை நெடுக்காக அறுத்து வைத்ததுபோல உள்ளே ஒவ்வொரு பாறையும் தெரியும். வெள்ளைக்கார எஞ்சினியரின் கையெழுத்து கீழே பெரிதாக இருக்கும். வலது மூலையில், கடுகளவில், தமிழில் ஒரு ‘ப’. அதுதான் பஞ்சலிங்கம். சிவசுப்பிரமணியத்தின் பூட்டன். இதே மானிப்பாயில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, படம் கீறும் வேலைக்கு மலைக்குப் போனவர்.

பூட்டன் கீறிய அதே சுரங்கத்துக்குப் பூட்டப்பிள்ளை பாதை இன்ஸ்பெக்டராகப் போனது தற்செயல். கந்தோரில் பழைய கடதாசிகளைக் கழித்து எறிந்தபோது மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் அவர் வாழ்நாளில் பெருமைப்பட்ட காரியம். இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் வராமல் போய் இரண்டு வருடமாகிறது. தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டைகளையும் பதுங்குகுழிக்கென்று கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அவருக்கு மிஞ்சியிருந்த ரயில் பாதை அந்தக் குழாய்க்குள் இருந்தது மட்டும்தான்.

8.35. அவர் பின்வாசலுக்குப் போய் வளவு அதிரக் கத்தினார்.

“கனிசியஸ்! எடுத்ததை மரியாதையாய்க் கொண்டு வந்து வை!”

வளவின் கோடியில் கிடுகுக் கொட்டில் ஒன்று இருந்தது. அதில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கனிசியஸும் மனைவி யசிந்தாவும் இருந்தார்கள். கடல் இல்லாத மீனவன். கூலிக்குத் தோட்டம் கொத்தினான். பதினைந்து நாளைக்கு முன்தான், பிறந்து மூன்றே நாளான தங்கள் பிள்ளையைச் சேமக்காலையில் அடக்கம் செய்திருந்தார்கள். அவன் கொட்டில் வாசலில் நின்று, கூப்பிட்டது தன்னைத்தானா என்று விளங்காமல் பார்த்தான்.

தேவராசா மாஸ்டர் நல்ல மனிதர். ரயில் பாதையின் சரித்திரம் எழுதவென்று படத்தைப் பார்க்க வந்தவர். சந்தித் தேநீர்க்கடையில் அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்: “சிவசுப்பிரமணியத்தாற்றை சுரங்கப் படம் களவு போச்சு.”

பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்த வசனம் வளர்ந்துவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து மானிப்பாய்க்கு ஒல்லாந்தர் காலத்துச் சுரங்கம் ஒன்று உண்டாம். இரண்டு மணிக்கு அந்தச் சுரங்கம் பலாலி ஆமி முகாம் வரை நீண்டது. நாலு மணிக்கு, படத்தை எடுத்த மயிலிட்டியான் அதை ஆமிக்காரனுக்கு அனுப்பிவிட்டான் என்றார்கள். நாலரைக்கு, இயக்கப் பொடியளின் பணிமனையிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. கனிசியஸ் வளவை விட்டு வெளியே போகக்கூடாது.

மாலை 5.10.

அற்புதராணி சைக்கிளைப் படலையில் சாத்தினாள். நாற்பத்தாறு வயது. இருபது வருடம் புகையிரத நிலையத்தில் டிக்கெட் யன்னலுக்குப் பின்னால் இருந்தவள். யன்னலுக்கு வெளியே தெரிவது முகமும் கையும் மட்டும்தான். முகம் ஒன்று சொல்ல, கை வேறொன்று சொல்லும். கைகளைப் பார்த்தே, தொலைந்துபோன இரண்டு தபால் பொதிகளையும் ஒரு தாலிக்கொடியையும் அவள் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள். அந்த நினைவில்தான் சிவசுப்பிரமணியம் அவளுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

“அலுமாரித் திறப்பு எங்கை ஐயா இருக்கும்?”

“என்ரை அரைஞாணிலை. குளிக்கேக்கை மட்டும் கழட்டிச் சவர்க்காரப் பெட்டியிலை வைப்பன்.”

“கடைசியாய் எப்ப படத்தைப் பாத்தனீங்கள்?”

“தைப்பொங்கலுக்கு. அண்டைக்கு விரிச்சுக் காத்தாட விட்டனான்.”

“அதுக்குப் பிறகு குழாயைத் தொடேல்லையோ?”

“தொடாமல்? ஒவ்வொரு வெள்ளியும் எடுத்துத் தூசி தட்டி வைப்பன். திறக்கிறேல்லை.”

“பாரம் வித்தியாசமாய்த் தெரியேல்லை?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் அலுமாரிப் பூட்டைக் குனிந்து பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு அந்தப் பத்திரிகைச் சுருளை விரித்தாள். பொருளாதாரத் தடையால் பத்திரிகைக் கடதாசி வராத காலம். கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்திருந்தார்கள். திகதி, பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. மரண அறிவித்தல் பக்கத்தில், யாரோ ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் பென்சில் கோடு.

“உது ஆர் கீறினது ஐயா?”

“நான்தான். ரயில்வேக்காரர் செத்தால் அடையாளம் போட்டு வைப்பன்.”

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. வெளியிலிருந்து வந்த கள்ளன் தன் கையோடு வந்த பேப்பரை அடைப்பான். இல்லை, எதையும் அடைக்காமலே போவான். இங்கே அடைத்திருந்தது இந்த வீட்டுப் பேப்பர். வெள்ளிக்கிழமைகளில் குழாயை அவர் தூக்குவார், ஆனால் திறக்க மாட்டார் என்று தெரிந்த ஒருவர் செய்த வேலை. ஆனால் இந்த வீட்டில் யாருக்கு அந்தப் படம் வேண்டும்?

“படம் எப்பிடியிருக்கும் ஐயா? கடதாசிதானே?”

“கடதாசி எண்டு சொல்லிப் போடாதை பிள்ளை. டிரேசிங் லினன். இளநீலம். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும். நூறு வரியத்துக்கு மேலையாகியும் ஒரு கிழிசல் இல்லை. தண்ணி ஒண்டுதான் அதுக்கு எமன். ஒரு துளி பட்டாலும் வெள்ளையாய்ப் பொங்கிப் போடும்.”

அவருடைய மனைவி குணலட்சுமி தேநீர் கொண்டு வந்து வைத்தாள். மெலிந்த, அதிகம் பேசாத பெண். தட்டில் பனங்கட்டித் துண்டு இரண்டு.

“குணமக்கா, நீங்கள் ஏதும் கண்டனீங்களோ?”

“நான் குசினிக்குள்ளை நிக்கிற ஆள்,” என்றாள் குணலட்சுமி. பிறகு, போகிற போக்கில், “கனிசியஸ் எடுத்திருக்க மாட்டான். இவர் சும்மா கத்திறார்,” என்றாள்.

சிவசுப்பிரமணியம், “உமக்கென்ன தெரியும்?” என்று சீறினார். அவளுடைய கை தட்டின் விளிம்பைத் துடைத்தது. அது ஏற்கெனவே துடைத்த தட்டு.

மார்ச் 4, புதன்கிழமை. காலை 9.00.

தேவராசா மாஸ்டரைப் பள்ளிக்கூட வாசலில் பிடித்தாள். தன் ஒரு வசனம் என்னவாகிவிட்டது என்று தெரிந்து அவர் கலங்கிப்போயிருந்தார். இருந்தாலும், கண்டதைச் சொல்லாமல் விட அவரால் முடியவில்லை.

“நான் கண்டனான் தங்கச்சி. போன மாசம் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. கனிசியஸ் சைக்கிளிலை யாழ்ப்பாணப் பக்கம் போனவன். பாரிலை நீளமாய், சாக்காலை சுத்தின சாமான் ஒண்டு கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினவன்.”

“எவ்வளவு நீளம்?”

மாஸ்டர் இரண்டு கைகளையும் விரித்தார். ஒரு நாலரை அடி இருக்கும்.

பதினாறாம் திகதி. பேப்பரின் திகதியும் அதுதான். கனிசியஸ் எடுத்திருக்க மாட்டான் என்று அற்புதராணியும் மனதுக்குள் நம்பியிருந்தாள்.

10.15. கனிசியஸ் அதிகாலைப் பூசைக்கு பணிமனை ஆள் ஒருவரின் காவலோடு போய்வந்திருந்தான். விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் சிலுவை.

“பதினாறாம் திகதி எங்கை போனனீர்?”

“எங்கையும் போகேல்லை அக்கா.”

“சைக்கிளிலை?”

“சைக்கிளிலையும் போகேல்லை.”

“மாஸ்டர் கண்டவர்.”

“அவர் வேறை ஆளைக் கண்டிருப்பார்.”

முகத்தில் சாம்பல். கையோ, சாரத்தின் மடிப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. பொய் சொல்கிறான். ஆனால் ஏன்? வீட்டுக்குள் காலே வைக்காத மனிதனுக்கு சிவப்புக் கோடு போட்ட பேப்பர் எப்படிக் கிடைத்தது? அவள் கொட்டிலைச் சுற்றி நடந்தாள். பழைய மாட்டுக்கொட்டிலில் மாடு இல்லை. கதவும் இல்லை. நிலையில் பிணைச்சல் இரண்டும் தொங்கின. ஆணி கழன்ற துளைகள் புதிதாக மஞ்சளாய்த் தெரிந்தன.

யசிந்தா அடுப்படியில் குந்தியிருந்தாள். பால் கட்டிய மார்பு நோக, சேலைத் தலைப்பை இறுக்கிச் சுற்றியிருந்தாள். அற்புதராணி பக்கத்தில் இருந்தாள். என்ன கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

“பிள்ளையின்ரை பெட்டி ஆர் செய்தது?”

“குருநகர் யாகப்பு அண்ணை. வள்ளம் கட்டிறவர். இவர்தான் கொண்டு போய்க் குடுத்துச் செய்விச்சவர்.” அவள் மூக்கைத் துடைத்தாள். “பெட்டி சின்னன். ஆனால் வடிவாய் இருந்தது அக்கா. சட்டையும் அப்பிடித்தான். குணமக்கா ஒரு பின்னேரத்துக்குள்ளை கையாலை தைச்சுத் தந்தவ. என்ன துணியெண்டு தெரியேல்லை, பூவிதழ் மாதிரி மெல்லிசு. என்ரை முதல்நன்மைப் பூசைக்குக்கூட அப்பிடி ஒரு துணி நான் உடுத்தேல்லை.”

“எங்கை வாங்கினதாம்?”

“முந்திக் கொழும்பிலை வாங்கி வைச்சதாம். நான் அதுக்கு மேலை கேக்கேல்லை.”

திரும்பி வரும்போது குசினியின் பின்புறம் நெல் அவிக்கிற பெரிய கிடாரம் கவிழ்த்திருந்தது. நிமிர்த்தினாள். உள்ளே, பாதி உயரத்தில், காய்ந்த கஞ்சிபோல ஒரு வளையம். வெள்ளையில் நீலம் கலந்த வளையம்.

“நெல் அவிச்சால் நீலமாய் வருமோ குணமக்கா?”

குணலட்சுமி கிணற்றடியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். “இவற்றை வேட்டிக்கு நீலம் போட்டனான்.”

கொடியில் வேட்டி ஒன்று காய்ந்தது. பழுத்த ஓலையின் நிறம். ஊரில் சவர்க்காரமே பாதித் துண்டாக விற்கிறது; நீலப்பொடியைக் கண்டு எத்தனை மாதம்! அற்புதராணி கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை என்பதுதான் உண்மை. நீல வளையம் ஒருபக்கம், கழன்ற கதவு ஒருபக்கம், சிவப்புக் கோடு ஒருபக்கம். இரண்டு பேர் பொய் சொல்கிறார்கள். இருவருமே கள்ளரைப்போல் தெரியவில்லை. நாளை பத்து மணிக்குள் விடை இல்லையென்றால், கனிசியஸ் யாரோடு எங்கே போவான், எப்போது வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது.

பகல் 1.30. குருநகர்.

வெயிலில் ஆறு மைல் சைக்கிள் மிதித்துப் போனாள். யாகப்பு கடற்கரையோரம் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் இருந்தார்.

“ஓம், கனிசியஸ் பதினாறாம் திகதி வந்தவன். ரெண்டு பலகை கொண்டு வந்தவன். வேப்பம் பலகை, ஏதோ கதவிலை கழட்டினது. பிணைச்சல் ஆணியின்ரை ஓட்டையை நான்தான் அடைச்சனான்.”

“சாக்குக்குள்ளை வேறை ஏதும் இருந்ததோ? படம், கடதாசி?”

“பலகைதான் பிள்ளை. பெட்டி செய்யிற மனுசன் படம் ஏன் கொண்டு வாறான்?”

அப்போது பொய்யில் பாதி அவிழ்ந்தது. தன் பிள்ளையின் பெட்டிக்காக, கேட்காமலே, வளவுக்காரரின் கதவைக் கழற்றியிருக்கிறான். அதைச் சொல்ல வெட்கம். ஆனால் பாதி அவிழ்ந்ததில் மீதி இன்னும் சிக்கலாகியது. படத்தை எடுத்தது அவனில்லை என்றால், அதே நாளில், அதே வளவிலிருந்து இரண்டாவது பொருளும் போனது எப்படி? அன்று அந்த வளவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு குழந்தை செத்தது.

சைக்கிள் மானிப்பாய் வீதியில் ஏறும்போது அவள் பிரேக்கை அமத்தினாள்.

டிரேசிங் லினன். நூறு வருடம் கிழியாதது. தண்ணீர் பட்டால் பொங்குவது.

மாலை 4.45. சிவசுப்பிரமணியத்தின் வாசல்.

“ஐயா, அந்தப் படம் கீறின சாமான் மாதிரி வேறை துண்டு ஏதும் இருக்கோ?”

“கந்தோரிலை மிஞ்சின வெறுந்துண்டு ஒண்டு இருக்கு. கையளவுதான். ஏன்?”

“அதைத் தாங்கோ. நாளைக்குச் சொல்லுறன்.”

மார்ச் 5, வியாழக்கிழமை. காலை 7.20.

குணலட்சுமி அடுப்பில் புட்டுக்குழலை வைத்திருந்தாள். அற்புதராணி குசினிக்குள் வந்து, கையில் இருந்த சிறிய வெள்ளைத் துணியை அவள் முன்னால் பலகையில் விரித்தாள்.

குணலட்சுமி அதைப் பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

“அவரைக் கூப்பிடு,” என்றாள். “ரெண்டு தரம் சொல்ல எனக்கு ஏலாது.”

சிவசுப்பிரமணியம் வந்து குசினி வாசற்படியில் இருந்தார்.

“கள்ளன் பிடிபட்டிட்டானோ?”

அற்புதராணி துணியைக் காட்டினாள். “இது என்ன ஐயா?”

“கைலேஞ்சி. முகம் துடைக்கிறது.”

“நேற்று நீங்கள் தந்த துண்டு. இளநீலமாய், கண்ணாடி மாதிரி மினுங்கினது. ஒரு மணித்தியாலம் கொதிதண்ணியிலை போட்டன். கஞ்சியும் நீலமும் கழண்டு போச்சு. மிஞ்சினது இது.”

அவர் துணியை எடுத்துக் கண்ணருகில் பிடித்தார்.

“நாங்கள் எல்லாரும் கடதாசியைத் தேடினம்,” என்றாள் அவள். “நானும்தான். மாஸ்டர் சுரங்கத்தைத் தேடினார், ஊர் ஆமிக்காரனைத் தேடினது. நீங்கள் மட்டும்தான் முதல் நாளே சரியாய்ச் சொன்னியள், லினன் எண்டு. அது ஒருவகைக் கடதாசியின்ரை பேர் எண்டுதான் நான் நினைச்சன். சாமானே அதுதான். துணி. உலகத்திலையே நல்ல மெல்லிய துணி, மேலை கஞ்சி போட்டு இறுக்கினது.”

“அதுக்கு?”

“குழாய்க்குள்ளை அடைச்சது உங்கடை சிவப்புக் கோட்டுப் பேப்பர். வீட்டு ஆள். நீங்கள் குளிக்கேக்கை திறப்பு சவர்க்காரப் பெட்டியிலை கிடக்கும். கிடாரத்திலை நீல வளையம். நீலப்பொடி ஊரிலையே இல்லை. பதினாறாம் திகதி பின்னேரம் இந்த வீட்டிலை ஒரு சட்டை தைச்சவை. கனிசியஸ் எடுத்தது மாட்டுக்கொட்டில் கதவு மட்டும்தான், பெட்டிக்கு. படத்தை எடுத்தது குணமக்கா.”

புட்டுக்குழலில் ஆவி சீறியது. ஒருவரும் அதை இறக்கவில்லை.

“அந்தப் பிள்ளைக்கோ?” என்றார் சிவசுப்பிரமணியம். மனைவியைப் பார்த்தல்ல, துணியைப் பார்த்து.

“ஓம். ஊரெல்லாம் கேட்டன். ஒரு முழம் வெள்ளைத் துணி இல்லை. யசிந்தா தன்ரை பழைய பாவாடையைக் கிழிக்கப் பாத்தாள்.” குணலட்சுமியின் குரல் உயரவில்லை. “சட்டைக்கு முக்கால் முழம். மிச்சத்தைப் பெட்டிக்குள்ளை விரிச்சன்.”

“முழுக்கவோ?”

“முழுக்க.”

“கோடுகள்?”

“ஒண்டும் இல்லை. கழுவுப்பட்டிட்டுது.”

“கேட்டிருக்கலாமே! என்னட்டை ஒரு வார்த்தை...”

“கேட்டால் தந்திருப்பியளோ?”

அவர் துணியை மடித்துத் திரும்ப விரித்தார்.

அற்புதராணி மெதுவாகக் கேட்டாள்: “களவு போச்செண்டு அவர் கத்தின அண்டைக்காவது சொல்லியிருக்கலாமே அக்கா. கனிசியஸைப் பழி சொல்லேக்கை?”

“சொல்ல வாயெடுத்தன். இவர் தோண்டச் சொல்லுவார் எண்டு பயந்து போனன். பொடியள் வாறாங்கள் எண்டதும் இன்னும் பயம். படம் எண்டு சொல்லி அவங்களும் தோண்டுவாங்கள். அந்தப் பெட்டையின்ரை கண்ணுக்கு முன்னாலை. இண்டைக்குப் பத்து மணிக்கு, நான் அதை அடுப்பிலை போட்டு எரிச்சனான் எண்டு சொல்ல இருந்தனான்.”

சிவசுப்பிரமணியம் எழுந்தார். திரும்பவும் இருந்தார்.

“ஏன் குணம்? ஆரோ ஒரு பிள்ளைக்கு... உமக்கு அவ்வளவு...”

அப்போதுதான் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐம்பத்தேழு மார்கழி வெள்ளம். பிள்ளை செத்துப்போச்செண்டு உங்களுக்குத் தந்தி அடிச்சது. சுரங்க வாயிலை மண் சரிஞ்சு கிடக்கு, வரேலாது எண்டு பதில் அடிச்சனீங்கள். ஊர் முழுக்கத் தண்ணி. கடை இல்லை. என்ரை பிள்ளையை ஆரோ உரச் சாக்கிலை சுத்திக் கொண்டு போனவை. நான் எட்டிப் பாத்தன், சாக்கு மட்டும்தான் தெரிஞ்சது. இருபத்தொரு நாள் கழிச்சு வந்தனீங்கள். வந்து, மண்ணை எப்பிடி வெட்டி எடுத்தனீங்கள் எண்டு எல்லாருக்கும் கதை சொன்னனீங்கள்.”

அவள் குனிந்து புட்டுக்குழலை இறக்கினாள்.

அற்புதராணி வெளியே போய் கிணற்றடியில் நின்றாள். தாலிக்கொடியைக் கண்டுபிடித்த அன்று மனது எவ்வளவு இலேசாக இருந்தது! இன்று கள்ளனைக் கண்டுபிடித்தும், தான் செய்தது சரியா பிழையா என்றே அவளுக்கு விளங்கவில்லை.

10.00.

விசாரணைக்கு வந்தவன் இருபத்திரண்டு வயதுப் பொடியன். கொப்பியைத் திறந்தான். கனிசியஸ் கையைக் கட்டிக்கொண்டு தூணோடு நின்றான். யசிந்தா அவனுக்குப் பின்னால்.

“ஐயா, அந்தச் சுரங்கம் எங்கை இருக்கு?”

“இருநூறு மைலுக்கு அங்காலை, மலைநாட்டிலை,” என்றார் சிவசுப்பிரமணியம். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். “நூற்றிச்சொச்சம் வரியம் பழசு. அதுக்குள்ளாலை ரயில் போகும். இஞ்சை கிடங்கு வெட்டினால் பத்தடியிலை தண்ணி வரும் தம்பி, சுரங்கம் எப்பிடி வெட்டிறது?”

“அப்ப படம்?”

“களவு போகேல்லை. இந்த வீட்டிலை இருந்து குடுத்தது. எனக்கு மறந்து போச்சு.”

“ஆருக்குக் குடுத்தது?”

கிழவர் யசிந்தாவைப் பார்த்தார்.

“தேவைப்பட்ட ஆக்களுக்கு. முறைப்பாடு இல்லையெண்டு எழுதும், கையெழுத்து வைக்கிறன். பிழை என்னிலை.”

பொடியன் அவரையும் கனிசியஸையும் மாறிமாறிப் பார்த்தான். விளங்காத முகத்தோடு எழுதினான். கையெழுத்தை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான்.

சிவசுப்பிரமணியம் கனிசியஸிடம் போனார். ஊர் கேட்கக் கத்திய மனிதருக்கு, மன்னிப்புக் கேட்கக் குரல் எழும்பவில்லை. “தம்பி, நான் வாய்க்கு வந்தபடி கத்திப்போட்டன்,” என்றார்.

“நானும் கதவைக் கழட்டினனான் ஐயா. கேக்காமல்.”

“மாடில்லாத கொட்டிலுக்குக் கதவென்னத்துக்கு.”

குணலட்சுமி யசிந்தாவின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவள் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. யசிந்தா முதலில் விளங்காமல் பார்ப்பதும், பிறகு வாயைப் பொத்துவதும் மட்டும் தெரிந்தது. பிறகு அவள் குணலட்சுமியின் தோளில் முகத்தை வைத்தாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

அற்புதராணி சைக்கிளை எடுத்தாள். படலையைத் திறக்கும்போது பின்னால் சிவசுப்பிரமணியத்தின் குரல் கேட்டது. கிணற்றடியிலிருந்து திரும்பி வந்த மனைவியிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி அற்புதராணி கேட்டதில்லை.

“குணம், எங்கடை பிள்ளையை எவடத்திலை தாட்டவை?”

முப்பத்துநாலு வருடமாக யாரும் குணலட்சுமியிடம் கேட்காத கேள்வி.

“சுடலையிலை. வடக்கு மதிலோடை, புளிக்குக் கீழை.”

“நடந்து போகலாமோ?”

“ஓம்,” என்றாள் குணலட்சுமி. “பத்து நிமிச நடைதான்.”

அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.